புனித ஆண்டும் தாந்தேயின் பாலமும்

புனித ஆண்டு ஒன்று அறிவிக்கப்பட்டதும் நம் பங்குகளில் ஆயத்தப் பணிகள் விரைந்து தொடங்கிவிடுகின்றன. பங்குப்பேரவை கூடுகிறது, குழுக்கள் அமைக்கப்படுகின்றன, திருத்தலப் பயணத்திற்குப் பேருந்து ஏற்பாடாகிறது, பாடற்போட்டிக்கும் மறைக்கல்விப் போட்டிக்கும் நாள் குறிக்கப்படுகிறது, ஆலய வாயிலில் யூபிலிச் சின்னம் தாங்கிய வளைவு எழுகிறது. இவற்றுள் எதனையும் நாம் இகழ்வதற்கில்லை. கூடி உழைப்பதும் கூடிப் பாடுவதும் இறைமக்களுக்கு உரியனவே. ஆயினும், ஆண்டு நிறைவுற்று வளைவும் பிரிக்கப்பட்ட பின், நம் பங்கில் எது மாறியது என்று எவரேனும் கேட்டால், விடை சொல்ல நாம் தடுமாறுகிறோம். அத்தடுமாற்றமே இக்கட்டுரையை எழுதத் தூண்டிற்று.

திருத்தந்தை பிரான்சிஸ் 2024 டிசம்பர் 24 அன்று தொடங்கிவைத்த யூபிலி, அவரது மறைவுக்குப் பின் திருத்தந்தை பதினான்காம் லியோவால் 2026 ஜனவரி 6 அன்று நிறைவு செய்யப்பட்டது. அந்த யூபிலியை அறிவித்த மடலே மற்றோர் ஆண்டையும் சுட்டியிருந்தது. நம் மீட்பு நிகழ்ந்து ஈராயிரம் ஆண்டுகள் நிறைவுறும் 2033 அது. இதே மீட்பின் நினைவாகத் திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1933இலும், புனித இரண்டாம் யோவான் பவுல் 1983இலும் சிறப்புப் புனித ஆண்டுகளைக் கொண்டாடச் செய்தனர். அந்த மரபை எண்ணிப் பார்த்தால், நம் பங்குகள் மீண்டும் ஆயத்தக் கூட்டங்களில் அமரும் நாள் வெகு தொலைவில் இல்லை. அதற்குள் நாம் ஒரு நூலைப் படித்துவிடுவது நல்லது. எழுநூறு ஆண்டுப் பழமையுடைய அந்நூல், தாந்தே இயற்றிய 'தெய்வீக இன்பியல்' என்னும் பெருங்காப்பியம்.

தேம்பாவணியை நமக்குத் தந்த வீரமாமுனிவரின் தாய்மொழியில் எழுந்த காப்பியம் இது. திருத்தந்தையர் பதினைந்தாம் பெனடிக்ட் 1921இலும், ஆறாம் பவுல் 1965இலும், பிரான்சிஸ் 2021இலும் இக்கவிஞரைப் பற்றித் தனி மடல்களே வரைந்துள்ளனர். ஆயினும் நம்மில் பலர் இதனை நரகத்தைப் பாடிய நூலாக மட்டுமே கேள்வியுற்றிருக்கிறோம். நரகம், உத்தரிக்கும் தலம், விண்ணகம் என்னும் மூன்று பகுதிகளைக் கொண்ட இக்காப்பியத்தின் கதை, 1300ஆம் ஆண்டின் புனித வாரத்தில் நிகழ்வதாக அமைக்கப்பட்டிருக்கிறது. உரோமையில் முதன்முதலாகப் புனித ஆண்டு கொண்டாடப்பட்டதும் அதே 1300இல்தான். ஆகவே இதனை ஒரு புனித ஆண்டுக் காப்பியம் என்று சொல்வது மிகையாகாது. மூன்று பகுதிகளிலும் யூபிலிப் பயணத்தை நினைவூட்டும் காட்சி ஒவ்வொன்று உண்டு. அம்மூன்றையும் வரிசையாகப் படிக்கும்போது, நம் ஆயத்தங்களில் விடுபட்டுப்போகும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது என்பதே நம் கருத்து.

முதலில் வரலாற்றைச் சற்றே காண்போம். அந்த முதல் புனித ஆண்டில், அறிவிப்பு வந்தபின் மக்கள் திரண்டனர் என்றுதான் நாம் எண்ணுவோம். நடந்ததோ வேறு. நூற்றாண்டு பிறக்கும் வேளையில் பேதுரு பேராலயத்தை நாடிச் சென்றால் மிகுந்த அருட்பலன் கிட்டும் என்னும் நம்பிக்கையோடு மக்கள் தாமாகவே திரண்டனர். நூறாண்டுகளுக்கு முன் தம் தந்தை அவ்வாறு உரோமைக்கு வந்ததை நினைவுகூர்ந்த முதியவர் ஒருவரைப் பற்றிக் கர்தினால் ஸ்தெபனெஸ்கி எழுதிவைத்திருக்கிறார். அதன் பின்னரே, 1300 பிப்ரவரி 22 அன்று, திருத்தந்தை எட்டாம் போனிபாஸ் ஆணை மடலை வெளியிட்டார். மனம் வருந்திப் பாவசங்கீர்த்தனம் செய்து, பேதுரு, பவுல் பேராலயங்களை உரோமையர் 30 நாளும் அயலார் 15 நாளும் சந்தித்தால் பரிபூரண பலன் உண்டு என்று அம்மடல் வகுத்தது. முந்திய கிறிஸ்து பிறப்பு விழா முதலே அப்பலன் செல்லும் என்றும் அது அறிவித்தது. பாமர மக்களின் ஏக்கம் முதலில் எழுந்தது. திருச்சபையின் ஆணை அதனைத் தொடர்ந்தது.

கூட்டம் சொல்லி முடியாதது. அவ்வாண்டில் உரோமை சென்ற புளோரன்சு நகர வரலாற்றாசிரியர் வில்லானி, எந்நேரமும் இரண்டு இலட்சம் திருப்பயணிகள் நகரில் இருந்ததாகக் குறிக்கிறார். தம் நகரின் வரலாற்றை எழுதும் எண்ணம் அங்கேதான் தமக்குப் பிறந்தது என்றும் சொல்கிறார். அஸ்தி நகரினரான வெந்தூரா என்பவர் வேறொன்றைக் கண்டார். பவுல் பேராலயப் பீடத்தருகே குருக்கள் இருவர் கையில் வாருகோல் ஏந்தி, குவிந்த காணிக்கைப் பணத்தை இரவும் பகலும் வாரிக்கொண்டிருந்தனராம். ஒரே ஆண்டு, ஒரே நகரம். ஒருவருக்கு அது வரலாற்றைத் திறந்துவிட்டது, மற்றவரின் நினைவில் நின்றது வாருகோல். புனித ஆண்டு எதுவாயினும் இவ்விரண்டும் அருகருகே நிற்கக்கூடும் என்பதை நாம் மறுக்க இயலாது.

இனி நூலுக்குள் நுழைவோம். முதற்காட்சி நரகத்தின் பதினெட்டாம் காண்டத்தில் வருகிறது. வட்டமான பள்ளம் ஒன்றில் பாவிகள் இரு வரிசைகளாக எதிரெதிர்த் திசைகளில் நடக்கின்றனர். கொம்புடைய பேய்கள் அவர்களைச் சவுக்கால் அடித்து விரட்டுகின்றன. இதற்கு உவமையாக யூபிலி ஆண்டின் உரோமைப் பாலத்தைக் கவிஞர் எடுத்தாள்கிறார். தைபர் ஆற்றின் மேலமைந்த அப்பாலத்தில் நெரிசலைத் தவிர்க்க நகரத்தார் வழியை இரண்டாகப் பிரித்திருந்தனர். ஒருபுறம் செல்வோர் கோட்டையை நோக்கியவாறு பேதுரு பேராலயத்திற்குப் போவார்கள். மறுபுறம் வருவோர் எதிரே உள்ள குன்றை நோக்கி நடப்பார்கள். புனித ஆண்டின் திருப்பயணம் இக்காப்பியத்தில் முதன்முதலாகத் தோன்றும் இடம் நரகம் என்பது நம்மை அதிரச் செய்கிறது.

இதனை வெறும் போக்குவரத்து உவமை என்று உரைகாரர் சிலர் கடந்துவிடுவர். நமக்கு அது போதாது. அந்தப் பள்ளத்தில் தண்டனை பெறுவோர் யாவர்? பிற மனிதரைப் பணத்திற்காகக் கைமாற்றியவர்களும், ஆசை வார்த்தை கூறி ஏமாற்றியவர்களும் ஆவர். தன் உடன்பிறந்தாளையே ஒரு பிரபுவுக்கு விட்டுக்கொடுத்தவன் ஒருவனை அங்கே கவிஞர் அடையாளம் காண்கிறார். மனிதரை மனிதராகக் காணாது சரக்காகக் கண்டவர்கள் நடக்கும் தடத்திற்கு யூபிலிக் கூட்டத்தை ஒப்பிட்டது தற்செயல் எனக் கொள்ள நம்மால் இயலவில்லை. திருப்பயணிகளை அவர் குறைகூறவில்லை. எண்ணிக்கையாகவும் வரிசையாகவும் மட்டும் மனிதரைக் கையாளும் ஒழுங்கு நரகத்திலும் செவ்வனே நடைபெறும் என்பதையே அவர் காட்டுகிறார். இரு வரிசைகளும் ஒன்றையொன்று கடந்து செல்கின்றன. எவரும் எவருடைய முகத்தையும் நின்று பார்ப்பதில்லை. 1450ஆம் ஆண்டுப் புனித ஆண்டின் டிசம்பரில் அதே பாலத்தில் ஏற்பட்ட நெரிசலில் ஏறத்தாழ இருநூறு பேர் மாண்டனர். கூட்டத்தின் பெருக்கத்தையே வெற்றியின் அளவாகக் கொள்வோருக்கு அந்தப் பாலம் இன்றும் ஓர் எச்சரிக்கை.

இரண்டாம் காட்சி இதற்கு நேர்மாறானது. உத்தரிக்கும் தலத்தின் இரண்டாம் காண்டத்தில், உயிர்ப்பு ஞாயிறு விடியலில், வானதூதர் செலுத்தும் தோணி ஒன்று கடலின்மேல் விரைந்து வருகிறது. நூற்றுக்கு மேற்பட்ட ஆன்மாக்கள் விடுதலைப் பயணத் திருப்பாடலை ஒரே குரலில் பாடிக்கொண்டு வந்து இறங்குகின்றன. அவர்களுள் ஒருவர் கவிஞரின் நண்பரான இசைஞர் கசெல்லா. இறந்து நாளாகியும் இத்தனை காலம் ஏன் தாமதம் என்று கேட்கும் நண்பருக்கு அவர் சொல்லும் விடையில்தான் யூபிலி மறைந்திருக்கிறது. தைபர் ஆறு கடலோடு கலக்கும் இடத்தில் அவர் காத்திருந்தார். தோணி பலமுறை அவரை ஏற்றாமலே சென்றது. ஆனால் கடந்த மூன்று மாதங்களாக, ஏற விரும்பிய எவரையும் வானதூதர் அமைதியோடு ஏற்றிக்கொள்கிறார். கிறிஸ்து பிறப்பு விழாவிலிருந்து உயிர்ப்பு விழா வரை எண்ணினால் மூன்று மாதங்கள். யூபிலியின் அருள் இறந்தோரின் கரையையும் எட்டிவிட்டது என்பது கவிஞரின் துணிபு. ஆரவாரம் இல்லாத அந்த ஒரு சொல்லில், பாலத்துக் கூட்டம் முழுவதிலும் காணக் கிடைக்காத இரக்கம் இருக்கிறது.

அக்காட்சி அத்தோடு முடிவதில்லை. நண்பரின் வேண்டுகோளுக்கு இணங்கிக் கசெல்லா பாடத் தொடங்குகிறார். அது தாந்தே முன்பு இயற்றிய பாடலே. இனிமையில் எல்லாரும் தம்மை மறந்து நின்றுவிடுகின்றனர். அப்போது அத்தலத்தின் காவலரான முதியவர் கேத்தோ தோன்றி, மலையேற வேண்டியவர்கள் இங்கே நின்று என்ன செய்கிறீர்கள் என்று கடிந்துகொள்ள, புறாக்கூட்டம் கலைவதுபோல் அனைவரும் மலையை நோக்கி ஓடுகின்றனர். இசையை வெறுத்தவர் அல்லர் தாந்தே. அவருடைய உத்தரிக்கும் தலமே பாடல்களால் நிறைந்தது. ஆனால் பாடல் நடப்பதற்குத் துணை. நின்றுவிடுவதற்குச் சாக்கு ஆகலாகாது. தம் பாடலையே அதற்குச் சான்றாக்கியதில் கவிஞரின் நேர்மை விளங்குகிறது. யூபிலிப் பாடற்போட்டியில் பரிசு பெற்ற இரு அன்பியங்கள், ஆண்டின் இறுதியிலும் ஒன்றோடொன்று பேசாதிருந்தால், கேத்தோவின் கடிந்துரை நமக்கும் உரியது.

மூன்றாம் காட்சி விண்ணகத்தின் முப்பத்தோராம் காண்டத்தில் உள்ளது. புனிதர்களின் பேரவையைக் கண்டு திகைத்து நிற்கும் கவிஞர், தம்மை ஒரு திருப்பயணிக்கு ஒப்பிடுகிறார். நேர்ந்துகொண்ட ஆலயத்தை வந்தடைந்த பயணி, களைப்பு நீங்கிச் சுற்றுமுற்றும் பார்க்கிறார். பார்க்கும்போதே, இதனை ஊருக்குத் திரும்பி எவ்வாறு எடுத்துச் சொல்வது என்று அவர் உள்ளம் எண்ணத் தொடங்கிவிடுகிறது. அதே காண்டத்தில், ஆண்டவரின் திருமுகம் பதிந்த வெரோணிக்காவின் துணியைக் காணக் குரோவாசியாவிலிருந்து வந்து, கண்டும் ஆவல் தீராத எளிய பயணி ஒருவரும் உவமையாக வருகிறார். பாலத்தின் மீது முகமற்ற வரிசையாக இருந்த திருப்பயணி, இங்கே ஒரு முகமும் ஒரு நாடும் பெற்றுவிடுகிறார். திரும்பிச் செல்ல ஓர் ஊரும், சொல்லக் காத்திருக்கும் மனிதரும் அவருக்கு இருக்கின்றனர்.

இங்கேதான் நம் கருத்தின் மையத்திற்கு வந்து சேர்கிறோம். லேவியர் நூலின் இருபத்தைந்தாம் அதிகாரம் வகுத்த யூபிலி, ஓரிடத்திற்குப் போகச் சொல்லும் ஆண்டு அன்று. திரும்பி வரச் சொல்லும் ஆண்டு. விற்ற நிலம் உரியவரிடம் மீள்கிறது. அடிமைப்பட்டவர் விடுதலை பெறுகிறார். ஒவ்வொருவரும் தம் காணிக்கும் தம் குடும்பத்திற்கும் திரும்புகின்றனர். நம் ஆண்டவர் அருள்தரும் ஆண்டை முதலில் அறிவித்ததும் எருசலேம் ஆலயத்தில் அன்று. தாம் வளர்ந்த நாசரேத்தூரின் தொழுகைக்கூடத்தில். சொந்த ஊரார் அவரை வெளியே தள்ளினர் என்பதையும் லூக்கா மறைக்கவில்லை. உரோமை யூபிலி 'போதல்' என்பதை நமக்குக் கற்றுத் தந்தது. விவிலிய யூபிலியோ 'திரும்புதல்' என்பதைக் கேட்கிறது. நம் பங்குகளின் ஆயத்தங்களில் முன்னதற்குப் பேருந்து உண்டு. பின்னதற்குப் பெரும்பாலும் ஏற்பாடு எதுவும் இல்லை.

இந்தத் திரும்புதலின் அருமையைத் தாந்தே தம் வாழ்வில் அறிந்தவர். அரசியல் பகையால் 1302இல் புளோரன்சிலிருந்து நாடுகடத்தப்பட்டார். பின்னர் மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. 1321இல் இரவென்னாவில் இறக்கும் வரை அவர் ஊர் திரும்பவே இல்லை. விண்ணகத்தின் இருபத்தைந்தாம் காண்டத்தில், திருப்பயணிகளின் பாதுகாவலரான புனித யாக்கோபு அவரை நம்பிக்கை என்னும் புண்ணியத்தைக் குறித்து வினவுகிறார். அக்காண்டத்தின் தொடக்கத்தில் கவிஞர் தம் சொந்த நம்பிக்கையை வெளியிடுகிறார். இத்திருநூல் என்றேனும் பகைவரின் கொடுமையை வெல்லுமாயின், தாம் ஆட்டுக்குட்டியாய் உறங்கிய தொழுவத்திற்கு நரைத்த முடியோடு திரும்பி, தமக்குத் திருமுழுக்கு அளிக்கப்பட்ட தொட்டியின் அருகே புலவர் மகுடம் சூடவேண்டும் என்கிறார். விண்ணகத்தில் நின்றுகொண்டும் அவர் நினைப்பது தம் ஊர்க் கோவிலின் திருமுழுக்குத் தொட்டியை! நம்பிக்கையின் திருப்பயணம் அங்கே வந்து நிறைவுறவேண்டும் என்பது அவர் ஏக்கம்.

திரும்பிவர அவருக்கு ஒரு வாய்ப்பு வந்ததும் உண்டு. 1315இல் புளோரன்சு நகரம் பொதுமன்னிப்பு அறிவித்தது. அபராதம் செலுத்தி, அதே திருமுழுக்காலயத்தில் குற்றவாளியாக முன்னிறுத்தப்பட்டுக் காணிக்கையாக்கப்படவேண்டும் என்பது நிபந்தனை. குற்றமற்ற தம்மை இழிவுபடுத்தும் அவ்வழியே திரும்பமாட்டேன் என்று கடிதம் எழுதி அவர் மறுத்துவிட்டார். கதவு திறந்திருந்தது, ஆனால் குனியவைக்கும் கதவாக இருந்தது. இதனைப் படிக்கும்போது நம் பங்குகளை நினையாமல் இருக்க முடியவில்லை. பங்கு வரிப் பாக்கியைக் காட்டித் திருமணத்தையும் அடக்கத்தையும் தாமதப்படுத்தும் வழக்கம் சில இடங்களில் இருந்ததையும், இருப்பதையும் நாம் அறிவோம். ஆண்டுக்கணக்கில் பூசைக்கு வராத ஒருவர் ஒருநாள் வந்தால், "இப்போதாவது வழி தெரிந்ததா?" என்று வாயிலிலேயே கேட்கும் நாவும் நமக்கு உண்டு. அவ்வாறு கேட்கும் வாயிலின் மேல் புனிதக் கதவு என்று எழுதிவைப்பதால் பயன் என்ன?

கவிஞரைப் போற்றும் நாம் அவர் குறைகளை மறைக்கவேண்டியதில்லை. புனித ஆண்டை அறிவித்த எட்டாம் போனிபாசுக்கு, அவர் உயிரோடிருந்த காலத்தைப் பாடும் கதையிலேயே, நரகத்தில் இடம் ஒதுக்கிவிடுகிறார் தாந்தே. தம் நாடுகடத்தலுக்கு அத்திருத்தந்தையின் அரசியலும் காரணம் என்னும் வேதனை அங்கே நீதியின் குரலில் பேசுகிறது. தீர்ப்பு இறைவனுக்கு உரியது என்பதை அவ்விடத்தில் அவர் மறந்தார் என்றே கொள்கிறோம். இதனினும் பெரிய குறை ஒன்றுண்டு. நரகம் முழுதும் வழிகாட்டி, உத்தரிக்கும் தலத்தின் உச்சி வரை அழைத்துவந்த வெர்ஜில், திருமுழுக்குப் பெறாதவர் என்பதால் விண்ணகத்திற்கு வெளியே திருப்பி அனுப்பப்படுகிறார். தன் ஆசானை வாயிலில் நிறுத்திவிட்டு உள்ளே செல்லும் மாணவனின் கண்ணீரைக் கவிஞர் மறைக்கவில்லை. ஆனால் அந்த எல்லையை அவர் தாண்டவும் இல்லை. தம் தவறின்றி நற்செய்தியை அறியாது, நேரிய மனத்தோடு கடவுளைத் தேடுவோரும் மீட்படைய முடியும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் நமக்குத் தெளிவுபடுத்தியிருக்கிறது. பிற சமயத்து அண்டை வீட்டாரோடு உண்டு உறங்கி வாழும் நமக்கு, அருளின் தோணி தாந்தே வரைந்ததினும் அகன்றது.

அப்படியாயின் புனித ஆண்டுக்கு ஒரு பங்கு எவ்வாறு ஆயத்தம் செய்யலாம்? 2000ஆம் ஆண்டு யூபிலிக்கு 1994இலேயே மடல் வரைந்த புனித இரண்டாம் யோவான் பவுல், வறிய நாடுகளின் கடனைக் குறைப்பதைப் பற்றியும் அதில் பேசினார். திருத்தந்தை பிரான்சிஸ் 2024இல் பேதுரு பேராலயத்துக் கதவைத் திறந்த இரண்டாம் நாளே உரோமையின் ரெபிப்பியா சிறையில் ஒரு புனிதக் கதவைத் திறந்தார். கடனும் சிறையும் நம் ஊரிலும் இருக்கின்றன. கந்துவட்டியில் நகையையும் நிலத்தையும் இழந்த குடும்பம் எந்த அன்பியத்தில் இருக்கிறது என்று ஆயத்தக் குழு கேட்டறியலாம். நம் பங்கினுள் ஒருவருக்கொருவர் கொடுத்த கடனில் எதனை விட்டுக்கொடுக்க இயலும் என்று வசதியுள்ளோர் தம்மையே கேட்டுக்கொள்ளலாம். சொத்து வழக்கால் பிரிந்த உடன்பிறப்புகளை ஒரு மேசையில் அமர்த்தப் பெரியவர் இருவர் முன்வரலாம். பாகுபாட்டால் மனம் புண்பட்டுப் பங்கை விட்டு விலகியோரிடம் பங்கே சென்று மன்னிப்புக் கேட்கலாம். சாதியின் பெயரால் கல்லறைத் தோட்டத்தில் இறந்தோரையும் பிரித்துவைக்கும் ஊர்களில், இறந்தோரின் கரைக்கும் யூபிலி அருள் எட்டியது என்று பாடிய கவிஞரின் முன் நாம் தலைகுனிய வேண்டும். பின்பு கடப்பாரையை எடுக்கவேண்டும்.

இவற்றுக்கு வளைவும் வேண்டியதில்லை, பெரும் பொருளும் வேண்டியதில்லை. ஆனால் பேருந்து பேசுவதைக் காட்டிலும் இவை கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறோம். திருத்தலம் செல்வதையும் நாம் விடவேண்டியதில்லை. செல்வோம், விண்ணகத்துப் பயணியைப்போல, திரும்பி வந்து யாரிடம் என்ன சொல்லப்போகிறோம் என்று எண்ணியவாறே செல்வோம். நம் ஆலயத்தின் ஒரு மூலையில் திருமுழுக்குத் தொட்டி இருக்கிறது. அங்கே நீர் ஊற்றப்பெற்றவர்களின் பெயர்கள் பங்கின் பதிவேட்டில் எழுதப்பட்டிருக்கின்றன. அடுத்த புனித ஆண்டுக்கான முதல் ஆயத்தக் கூட்டம் அப்பதிவேட்டைத் திறந்துவைத்துத் தொடங்கட்டும். அதில் பெயர் இருந்தும் இன்று நம்மிடையே இல்லாதவர் யார், அவர் ஏன் வரவில்லை, அவரை அழைத்துவர நம்மில் யார் போவது என்னும் மூன்று கேள்விகளுக்கு விடை கண்டபின், வளைவின் அளவைப் பற்றிப் பேசுவோம்.